மூன்று முறை கேட்பார்கள்

என் தங்கை கவிதை எழுதி ஒரு நாற்காலி ஜெயித்தாள். எங்கள் தெருவில் இதைச் சொன்னால், "நாற்காலியா, எந்தக் கட்சியில?" என்று கேட்பார்கள். கட்சியும் இல்லை, பதவியும் இல்லை. நான்கு கால், இரண்டு கை, சாய்ந்துகொள்ள ஒரு முதுகு உள்ள நிஜ நாற்காலி. ஓக் மரத்தில் செய்தது. முதுகில் அலை மாதிரி செதுக்கியிருக்கிறது. வேல்ஸ் நாட்டில் இலக்கணக் கட்டுக்கோப்போடு கவிதை எழுதி முதலாவதாக வருகிறவர்களுக்கு நாற்காலிதான் பரிசு. அங்கே அது வழிவழியாக வரும் வழக்கம்.

தங்கை இப்போது இல்லை. நாற்காலி மட்டும் கப்பலேறி தண்டையார்பேட்டைக்கு வந்தது. அதை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அம்மா வாசலில் நின்றுவிட்டாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது, விளங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் வீடு டோல்கேட் பஸ் நிறுத்தத்திலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா பருப்பு குடோனில் புடைக்கிற வேலை பார்த்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தாள். இன்றைக்கும் கடைக்காரர் ஒருவர் துவரம்பருப்பை மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து புடைத்துக் கொடுப்பாள். எனக்குக் கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல் திரும்பி வந்து, திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் அலுவலக வேலை பார்க்கிறேன். அந்தக் கல்யாணக் கதையை நான் எழுதுவதாக இல்லை.

பள்ளிக்கூடத்தில் வெண்பாவை அலகிடச் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சையில் கேட்பார்கள், மார்க் உறுதி. மற்ற பெண்கள் மார்க்கை வாங்கிக்கொண்டு மறந்துவிட்டார்கள். எங்கள் இருவரையும் அது சொறி பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டது. வெண்பா கறாரான பாட்டு. ஒரு சீர் 'மா' என்று முடிந்தால் அடுத்த சீர் நிரையில்தான் தொடங்க வேண்டும். 'காய்' என்று முடிந்தால் நேரில். ஓர் இடத்தில் தவறினாலும் தளை தட்டும், தட்டினால் அது வெண்பா இல்லை. வீட்டில் எதுவுமே ஒழுங்காக இல்லாத எங்களுக்கு, ஒழுங்கு தவறவே கூடாத ஒன்று கையில் கிடைத்தது பிடித்துப் போயிற்று என்று இப்போது நினைக்கிறேன். அப்போது வெறும் விளையாட்டு.

தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டு நிற்கும்போதுதான் ஆட்டம். நான் கடைசி அடியைக் கொடுப்பேன். லாரி வருவதற்குள் அவள் மேலே உள்ளதைக் கட்டி முடிக்க வேண்டும். தோற்றவள் குடத்தைத் தூக்க வேண்டும். ஒரு நாள் லாரி வரவே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. 'நிறைந்த குடம்' என்று முடி பார்க்கலாம் என்று நக்கலாகச் சொன்னேன். அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்:

தண்ணீர் வருமென்று தாயனுப்ப வந்திங்கு
கண்ணீர் நிறைந்த குடம்.

தண்ணீருக்குக் கண்ணீரை எதுகை போடாத ஆள் தமிழ்நாட்டில் கிடையாது, இதெல்லாம் ஒரு பாட்டா என்று கேலி செய்தேன். ஆனால் அலகிட்டுப் பார்த்தால் ஓர் இடத்திலும் தட்டவில்லை. காலிக் குடத்தை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். "தண்ணி எங்கடி?" என்று அம்மா கேட்டாள். தங்கை பாட்டைச் சொன்னாள். "பாட்டுல சோறு வடிக்கவா?" என்று அம்மா எங்கள் இருவர் முதுகிலும் ஒன்று வைத்தாள்.

தங்கை நர்ஸ் படிப்பு படித்தாள். இங்கே சில வருடம் வேலை பார்த்துவிட்டு, தேர்வுகள் எழுதி, வேல்ஸுக்குப் போனாள். இங்கிலாந்தின் மேற்குப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாடு. அதிலும் வடக்கு மூலையில், மலையடிவாரத்தில் ஓர் ஊர். கூரைக்குப் போடும் கரிய சிலேட்டுக் கல்லை வெட்டியெடுத்த குவாரிகள் சுற்றிலும் இருந்தன. வீடியோவில் ஊரைக் காட்டியபோது, "இன்னாடி எல்லாம் கருப்பா கீது, எண்ணூரு சாம்பல் அங்கயும் கொட்டுதா?" என்று அம்மா கேட்டாள்.

அவள் வேலை பார்த்த வார்டில் ஞாபகம் தப்பிய முதியவர்கள். ஞாபகம் போகப் போக அவர்கள் பிற்பாடு கற்ற ஆங்கிலம் முதலில் போய்விடுமாம். தாய்மொழியான வெல்ஷ் மட்டும் மிஞ்சும். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது என்பதையெல்லாம் வெல்ஷில்தான் சொல்வார்கள். அதற்காகவே அவள் வெல்ஷ் படித்தாள். அவர்களில் ஒருவர் எந்நேரமும் இரண்டு அடிகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, கட்டில் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார்.

"அக்கா, அந்த ஆளு சும்மா தட்டல. அலகிடறாரு" என்றாள் போனில். "எனக்கு அர்த்தம் புரியறதுக்கு முன்னாடியே அது புரிஞ்சிடுச்சு."

அவள் சொன்னது சரி. அவர்களுடைய பழைய கவிதைக்கும் கறாரான இலக்கணம் உண்டு. ஊரில் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் வாரத்தில் ஒரு மாலை வகுப்பு நடந்தது. நடத்தியவர் ஆடு வளர்க்கிற ஒரு பெண்மணி. டீ குடித்துக்கொண்டே ஆளுக்கு ஓர் அடி சொல்வார்கள், மற்றவர்கள் குற்றம் பிடிப்பார்கள். தங்கை போய் உட்கார்ந்துகொண்டாள்.

"இங்கயும் நம்மள மாதிரியே பைத்தியங்க கீதுங்க அக்கா. ஒரு எழுத்துக்காக அரை மணி நேரம் சண்ட போட்டுக்கினு, அப்பால பிஸ்கட் துன்னுட்டு போறாங்க."

விதியை எனக்கு விளக்கினாள். ஓர் அடியை இரண்டாக உடைக்க வேண்டும். முதல் பாதியில் மெய்யெழுத்துகள் எந்த வரிசையில் வந்தனவோ, அதே வரிசையில் இரண்டாம் பாதியிலும் வர வேண்டும். உயிரெழுத்து மட்டும் மாறலாம். எனக்குப் பிடிபடவில்லை. தமிழில் ஒன்று சொல்லுடி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "மணலி ரோடு, மண்ணில் ராடு."

எழுதிப் பார்த்தேன். ம, ண, ல, ர, ட. மறுபடி ம, ண, ல, ர, ட. சரியாகத்தான் இருந்தது.

"இது கவிதையாடி? கார்ப்பரேஷனுக்குப் போடற கம்ப்ளெயின்ட்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் போனே கரகரத்தது.

அம்மாவுக்கும் புரிய வைக்காமல் அவள் விடவில்லை. "ம்மா, மொறத்துல பருப்பு முன்னால போயி மறுபடி உங்கிட்டயே வருது இல்ல? அதே பருப்புதான, ஆனா எடம் மாறி வருது. நா எழுதறது அதான்" என்றாள். அம்மா முறத்தைப் பார்த்தாள். "கல்லு பொறுக்கனியா?" என்று மட்டும் கேட்டாள்.

சில வருடம் கழித்து, பக்கத்துச் சிற்றூரில் நடக்கும் கவிதை விழாவுக்கு எழுதி அனுப்பினாள். சொந்தப் பெயரில் அனுப்பக் கூடாது, புனைபெயர்தான். யார் எழுதியது என்று நடுவருக்கும் தெரியாது. கொடுத்திருந்த தலைப்பு 'கரை'. அவள் எங்கள் சந்தை எழுதினாள், அம்மாவின் முறத்தை எழுதினாள், முறத்தில் போய்த் திரும்பும் பருப்பைக் கடலில் போய்த் திரும்பும் அலையோடு கட்டினாள். புனைபெயராக 'டோல்கேட்' என்று போட்டாள்.

"என்னப் பத்தியா?" என்றாள் அம்மா. "கலீஜா ஒண்ணும் எழுதலயே?"

விழாவை இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். அங்கே பிற்பகல், இங்கே விளக்கு வைத்துவிட்ட நேரம். பருப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, அம்மாவும் நானும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். நடுவர் வெகுநேரம் பேசினார். ஒரு சொல்லும் புரியவில்லை. பிறகு புனைபெயரைச் சொன்னார். அவர் வாயில் டோல்கேட் வேறு ஏதோ மலையூர் மாதிரி வந்தது. எக்காளம் ஊதினார்கள். டோல்கேட் யாரோ அவர் எழுந்து நிற்கட்டும் என்றார்கள். கூட்டத்தில் எல்லோரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். நடுவரிசையில், அம்மாவின் மெரூன் பட்டுப்புடவையில், என் தங்கை எழுந்து நின்றாள்.

நான் அழுதேன். என் கல்யாணத்தில்கூட அப்படி அழவில்லை. அம்மா அழவில்லை. "புடவைய தழைய கட்டிக்கினு கீறா பாரு, தடுக்கப் போவுது" என்றாள்.

ஊதா நிறத்தில் ஓர் அங்கியைத் தோளில் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் வர, அவளை மேடைக்கு அழைத்துப் போனார்கள். நாற்காலி நடுவில் இருந்தது. உடனே உட்கார வைக்கவில்லை. அவள் தலைக்கு மேலே ஒரு நீளமான வாளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். உறையிலிருந்து வாளைப் பாதி உருவி, தலைவர் உரத்த குரலில் ஏதோ கேட்டார். கூட்டம் முழுவதும் ஒரே குரலில் பதில் சொல்லிற்று. வாளை உள்ளே தள்ளினார்கள்.

தங்கை எனக்கு முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள். "அமைதி இருக்கிறதா?" என்று மூன்று முறை கேட்பார்கள். "இருக்கிறது" என்று மூன்று முறையும் கூட்டம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கவிஞர் உட்காரலாம். நான் அம்மாவின் காதில் சொன்னேன்: "அமைதி கீதான்னு கேக்கறாங்கம்மா."

எங்கள் கல்யாணங்களில் சபையைப் பார்த்துச் சம்மதமா என்று கேட்பார்கள், பெண் வீட்டார் பதில் சொல்லாமல் தட்டை மாற்ற மாட்டார்கள். அம்மா இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். பெண்ணின் அம்மா அவள், அவள்தானே அங்கே இல்லை. இரண்டாவது முறை கேட்டபோது போனை நோக்கிக் குனிந்து, "கீது" என்றாள். அவள் சும்மா பேசினாலே தெருமுனை வரை கேட்கும். மூன்றாவது முறையும் "கீது" என்றாள். முதல் முறை விட்டுப்போனதே என்று அதற்கும் சேர்த்து இன்னொரு முறை "கீது, கீது" என்றாள். வெளியே ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டிருந்தன. எதிர்வீட்டுக்காரி என்ன ஏதென்று எட்டிப் பார்த்தாள். தங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நா சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. நீ சொன்னதாலதான் குடுத்தாங்க."

"டபாய்க்காத."

"நெஜமா. கவிஞரோட அம்மா சொல்லணும்னு சட்டம் கீது இங்க."

"அப்ப நா இல்லன்னு சொல்லி இருந்தா?"

"அவ்ளோதான். நாற்காலிய எத்துக்கினு பூடுவாங்க. என்ன வூட்டுக்கு அனுப்பிச்சிடுவாங்க."

மூன்று பேரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அப்படித்தான் பேசுவோம், நேராக ஒரு வார்த்தை வராது. அம்மா பல நாள் அந்தப் பெருமையில் இருந்தாள். கடைக்காரரிடம், மீன்காரம்மாவிடம், ரேஷன் வரிசையில் நின்றவர்களிடம், "நா இங்கேர்ந்து கீதுன்னு சொன்னப்பறம்தான் குந்த வெச்சாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் தங்கைக்கு வயிற்று வலி வந்தது. கணையத்தில் கட்டி என்றார்கள். நர்ஸ் அல்லவா, அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்களிடம் "சரியாயிடும், மருந்து போய்க்கினு கீது" என்றாள். நான் விசாவுக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தேன். விசா வருவதற்கு முன் போன் வந்தது. பேசியவர் அந்த ஆடு வளர்க்கிற பெண்மணி. மெதுவாக, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார். கடைசி வரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தோம் என்றார். நன்றி சொல்லி போனை வைத்தேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்று சொன்னேன்.

"தங்கச்சி போயிட்டா."

சொல்லி முடித்த கையோடு என் மண்டைக்குள் ஒன்று ஓடியது. தங்கச்சி, தேமாங்காய். போயிட்டா, தேமாங்காய். காய் முன் நேர். தளை தட்டவில்லை. இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. எத்தனையோ வருடமாகப் பழகிய மனம், நல்லது கெட்டது பார்க்காமல் எண்ணிக்கொண்டே இருக்கிறது. அந்த நிமிடத்தில் என் மீதும் தமிழ் மீதும் இந்த உலகத்தில் அளவெடுத்து எழுதிய அத்தனை பேர் மீதும் எனக்கு ஆத்திரம் வந்தது. அம்மா உடனே நிறுத்தவில்லை. முறம் இன்னும் சில முறை போய் வந்தது. பிறகு பருப்போடு அப்படியே மடியில் கவிழ்ந்தது.

உடலை விமானத்தில் அனுப்பி வைத்தார்கள். காசிமேடு சுடுகாட்டில் எரித்தோம். தெருப் பையன்கள் பறை அடித்து, கானா பாடி, குறையில்லாமல் அனுப்பினார்கள். முதல் நாளே அவர்கள் என்னிடம் வந்து, "அக்கா, பேனருக்கு நாலு வரி எழுதிக் குடு. நீதான் சோக்கா எழுதுவியே" என்று கேட்டிருந்தார்கள். பேனாவை எடுத்தேன். ஒரு சீர் எழுதினால் அடுத்த சீர் வரவில்லை. கடைசி அடியைக் கொடுத்துப் பழகியவள் நான், கட்டி முடிப்பவள் அவள். பையன்கள் பாவம், காத்திருந்து பார்த்துவிட்டு பிளக்ஸ் கடையில் ஏற்கனவே இருந்த வரிகளையே போட்டுவிட்டார்கள். மண்ணைவிட்டுப் போனாலும் மனதைவிட்டுப் போகாத என்று ஏதோ. அடிக்கு அடி தளை தட்டியது. அதன் கீழே அவள் மெரூன் புடவையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பெண்மணி எழுதினார். நாற்காலி அவள் தங்கியிருந்த வீட்டில் இருக்கிறது; ஜெயித்த நாற்காலி கவிஞரின் வீட்டில்தான் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம்; அவளுடைய வீடு உங்கள் வீடுதான், அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். அம்மாவிடம் கேட்காமலே அனுப்புங்கள் என்று பதில் போட்டேன். அவளுடைய ஏதாவது ஒன்று வீட்டுக்கு வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

கப்பலில் மாதக்கணக்கில் வந்தது. நான் வேலை பார்க்கும் யார்டுக்கே வந்து சேரும்படி ஏற்பாடு செய்திருந்தேன். தினமும் கன்டெய்னர்கள் பிரிப்பதைப் பார்க்கிறவள்தான், அன்றைக்குக் காலையிலேயே போய்ப் பக்கத்தில் நின்றுவிட்டேன். மரப்பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே போர்வை சுற்றி, சணல் கயிறு கட்டி, பத்திரமாக அனுப்பியிருந்தார்கள். கயிற்றை அறுத்த லோடுமேன், "யக்கா, எந்த ராஜா வூட்டு சாமான் இது?" என்றார். என் தங்கச்சியோடது என்றேன். அவர் சட்டையாலேயே தூசியைத் துடைத்துவிட்டார்.

குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்துக்குள் வந்தேன். அம்மா வாசற்படியில் எழுந்து நின்றாள்.

"இன்னா இது?"

"பாப்பாவோட நாற்காலிம்மா."

"உள்ள கொண்டாராத."

"ஏம்மா?"

"வேணாம்னா வேணாம். எங்கனா கொண்டு போ."

அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். எதிர்வீட்டு ஆட்டோ ஷெட்டில் கொண்டுபோய் வைத்து, தார்ப்பாய் போட்டு மூடினேன். பல நாள் அங்கேயே கிடந்தது. நான் தினமும் கேட்பேன், அவள் வாயைத் திறக்க மாட்டாள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். உன் மகள் உழைத்து வாங்கியது, ஒரு தேசமே எழுந்து நின்று கொடுத்தது, அதை ஆட்டோவுக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறாயே, நீயெல்லாம் ஒரு அம்மாவா என்று கேட்டேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு கேட்டாங்க இல்ல. அமைதி கீதான்னு" என்றாள். "நான்தான் கீதுன்னு சொன்னேன். ஒரு தபா சொன்னா பத்தாதுன்னு நாலு தபா சொன்னேன். தெருவே பாத்துச்சு. அப்பறமும் சும்மா இருந்தேனா, போறவ வர்றவகிட்டலாம் சொன்னேன். நம்ம வூட்ல அமைதி கீது, நம்ம வூட்ல அமைதி கீதுன்னு. எந்த கண்ணு பட்டுச்சோ."

"அதெல்லாம் சடங்குமா. அங்க கீறவங்க சொன்னாங்க. உன் கொரல் அங்க போகவே இல்ல."

"பாப்பா கேட்டுச்சுன்னு சொன்னாளே."

"அவ வெளயாட்டுக்கு சொன்னா."

"சாவற வரைக்கும் அவ பொய் சொன்னதே இல்ல எங்கிட்ட" என்றாள் அம்மா.

தங்கை சொன்ன பொய்கள் எல்லாம் எனக்குத் தெரியும். மருந்து போய்க்கொண்டிருக்கிறது என்றது பொய். சரியாகிவிடும் என்றது பொய். எதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. இத்தனை மாதமாக அம்மா இதை மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் பருப்பு புடைத்தாளா, பக்கத்திலேயே படுத்த எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த நாள் வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். அம்மா முகம் கழுவி, புடவை மாற்றி உட்கார்ந்திருந்தாள். "அத்த கொண்டாந்து போடு" என்றாள்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒருவழியாக மனசு ஆறிவிட்டது என்றே நினைத்தேன். ஆட்டோக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, குறுகலான வாசலில் சாய்த்து நுழைத்து உள்ளே கொண்டுவந்தோம். அந்தச் சின்ன அறையில் அது பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. ஈரத்துணியால் துடைத்தேன். தங்கையின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து, நாற்காலியில் சாய்த்து வைத்தேன். எங்களில் இறந்தவர் படத்தை நாற்காலியில் வைத்து மாலை போடுவதுதான் வழக்கம். பதினாறாம் நாள் வரை பிளாஸ்டிக் நாற்காலியில்தான் வைத்திருந்தோம். இன்றைக்காவது அவளுடைய சொந்த நாற்காலியில் உட்காருகிறாள் என்று தோன்றியது. ஆட்டோக்காரர் போய்விட்டார்.

அம்மா படத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இப்ப வைக்காத. மொதல்ல கேளு."

"இன்னாத்தம்மா?"

"அன்னிக்கு கேட்டாங்களே. அத்த கேளு."

அவள் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, புடவையை இழுத்து சரிசெய்துகொண்டாள். கல்யாணச் சபையில் நிற்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டாள். இது அவளுக்கு ஆறுதலாக இருக்குமென்றால் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். அவளும் ஒரு தடவை சொல்லட்டும், நானும் படத்தை வைக்கிறேன்.

"அமைதி கீதா?" என்றேன்.

"இல்ல" என்றாள்.

நான் படத்தைப் பிடித்தபடி அவளைப் பார்த்தேன். அவள் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு தபா கேக்கணும்" என்றாள்.

"அமைதி கீதா?"

"இல்ல."

வெளியே லாரிகள் வரிசையாக நின்று ஆரன் அடித்தன. வேண்டாம்மா என்றேன். கேளு என்றாள்.

"அமைதி கீதா?"

"இல்ல" என்றாள் அம்மா, தெருமுனை வரை கேட்கிற அந்தப் பழைய குரலில். பிறகு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் அழுகையே இல்லை. ஒரு வேலையை ஒழுங்காக முடித்துவிட்ட முகமாக இருந்தது.

"இல்லன்னு சொல்லிட்டேன், மூணு தபாவும் சொல்லிட்டேன். நீ அந்த ஆடு மேய்க்கிற அம்மாவுக்கு போன போட்டு சொல்லு. நாற்காலிய எத்துக்கினு பொண்ண வூட்டுக்கு அனுப்பிட சொல்லு."

"சரிம்மா" என்றேன். "சொல்றேன்."